‘சரி’ என்று சொன்ன எட்டு மாதங்கள்

2006, பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. எழுந்தது 5.10. வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்தது 5.35. பால் அரை லிட்டர். அலுவலகம் இல்லாததால் இரண்டு புடவையும் ஒரு போர்வையும் துவைத்தேன். வைத்திக்குப்பத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அம்மா எட்டரை வரை வரவில்லை. முட்டைக் குழம்பு வைத்தேன்; உப்பு சற்றுத் தூக்கல். 9.50க்குப் பக்கத்து வீட்டு அண்ணி மாதா கோயிலிலிருந்து திரும்பி வந்து, எங்க வீட்டுக்காரர் தயார், நீ கிளம்பினாயா என்று மதில் மேலாகக் கேட்டார்.

என் டைரியில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம்தான். பெரும்பாலும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அன்றைய குறிப்பு மட்டும் திங்கட்கிழமைப் பக்கத்தையும் செவ்வாய்க்கிழமையில் பாதியையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணமானவரை நான் பெயர் போட்டு எழுதியதே இல்லை. ‘ப.வீ.’ என்றுதான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர். உப்பளம் என்ற எங்கள் பேட்டையில் பத்து வருஷத்துக்கு மேல் அவர் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்றாக இருந்தன. தச்சு வேலை செய்பவர். குள்ளமான ஆள். மணிக்கட்டு மட்டும் வேறு யாரிடமிருந்தோ வாங்கிப் பொருத்தியது போலப் பெரிதாக இருக்கும்.

அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் ‘ஆகாது’. நாம் எதைக் கேட்டாலும், சில சமயம் கேட்டு முடிப்பதற்கு முன்பே, ஆகாது என்பார். ஜன்னலுக்குக் கொக்கி வைக்கணும் அண்ணே. ஆகாது. கட்டில் கால் ஆடுகிறது. ஆகாது. சொல்லிவிட்டு அந்தப் பொருளைச் சுற்றி ஒரு நடை நடப்பார். மரத்தைப் புறங்கையால் தொடுவார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். தெரியாதவர்கள் வேறு ஆள் தேடப் போய்விடுவார்கள். தெரிந்தவர்கள் காத்திருப்பார்கள். அன்று மாலையோ நான்கு நாள் கழித்தோ, மடக்கு அளவுகோலோடு வந்து நிற்பார். அதற்குப் பிறகு அந்தக் கட்டில் நம் ஆயுசுக்கும் ஆடாது.

நாற்காலிகளிடமும் இப்படித்தான். தான் செய்யாத நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதன் முதுகைப் பிடித்து இரண்டு தரம் ஆட்டிப் பார்ப்பார். வங்கியிலும் ஆட்டுவார், கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஆட்டுவார். பக்கத்தில் நிற்கும் அண்ணி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

அண்ணி ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவே ‘ஆகாது’ன்னுதாம்மா சொன்னாரு. எங்கப்பா எழுந்து உள்ள போயிட்டாரு. மறுநா காலையில தனியா வந்து வாசல்ல நிக்கிறாரு. இன்னான்னு கேட்டேன். அளவு எடுக்கணும்னாரு. எதுக்குன்னு கேளேன். பீரோவுல கண்ணாடி எந்த உயரத்துல வைக்கிறதுன்னு தெரியணுமாம்.”

அந்த பீரோவை நான் பார்த்திருக்கிறேன். அண்ணியைத் தவிர யார் எதிரே நின்றாலும் கண்ணாடியில் நெற்றி வெட்டுப்படும், அல்லது தாடை வெட்டுப்படும்.

அவருடைய ‘ஆகாது’வை மதிக்க நான் கற்றுக்கொண்டது 2001இல். அப்போது நகரத்தில் ஒரு நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் இருந்தேன். புதிய அறைக்கு அலமாரி வேண்டியிருந்தது. அவரைச் சிபாரிசு செய்தவள் நான்தான். என்ன வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது வரி: தட்டு ஒன்றுக்கு நாற்பது நூல்.

அவர் அந்த வரியில் விரலை வைத்து, நாப்பது நூலா, ஆகாது என்றார். ஆகும் அண்ணே, நான் எண்ணிப் பார்த்துவிட்டேன் என்றேன். நாப்பது நூல்ல புஸ்தகம் நிக்காதும்மா என்றார். நிற்கும் என்றேன். படுக்க வேணா வைக்கலாம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை புத்தகம் நிற்கும் என்று இருபத்தைந்து வருஷம் மரம் அறுத்தவர் எனக்குச் சொல்வதா? எழுதிக் கொடுத்தபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நான்கு நாளில் மாதிரிக்கு ஒரு அலமாரி வந்தது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஐந்து அங்குலம். அவர் முகத்தில் ஒன்றும் காட்டாமல், மேசை மேலிருந்த ஒரு அகராதியை எடுத்து நிறுத்திப் பார்த்தார். பாதிகூட நுழையவில்லை. தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். நாற்பது நூல் என்றால் ஐந்து அங்குலம். நூல் என்றால் புத்தகம் என்று படித்துப் பழகிய எனக்கு இது தெரியாது. நூல் என்றால் அளவு என்று பழகிய அவருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியாது. ஆனால் ஆகாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு சரியான அளவில் செய்து கொடுத்தார். அந்த ஐந்தங்குல அலமாரியும் வீணாகவில்லை. அட்டவணை அட்டைப் பெட்டிகள் அதில் கச்சிதமாக உட்கார்ந்தன. அன்றிலிருந்து அவருக்கு நான் நூலம்மா.

அவர் கடைசி வரை விட்டுக்கொடுக்காத ஒரு ‘ஆகாது’வும் உண்டு. எங்கள் தெருக் கோடியில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எழுபத்தொன்பது வயது. தனக்குச் சவப்பெட்டி இப்போதே செய்து வைக்க வேண்டும், தேக்கில், தான் படுத்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே கைப்பிடி போட வேண்டும் என்று ஆள் அனுப்பினார். ப.வீ. போய் ஆகாது என்றார். கிழவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தலை முதல் கால் வரை அளந்துகொண்டார். மூன்று வாரம் கழித்து அதே நீளத்தில், அதே அகலத்தில், ஒரு சாய்வு நாற்காலி செய்து கொண்டுபோய் இறக்கினார். சொல்தா பிரெஞ்சிலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டினார். தெருவே நின்று கேட்டது. மறுநாள் மாலை அந்த நாற்காலியில் கால் நீட்டிப் படுத்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் அந்தத் தெருவை விட்டு வரும்வரை அவருக்குப் பெட்டி தேவைப்படவில்லை.

2005 ஏப்ரல் மாதம், ஒரு வீட்டு மாடிப்படியில் கதவு நிலையை வலது தோளில் சுமந்து ஏறும்போது ப.வீ.க்குக் கால் தவறியது. நிலை அவர் மேல் விழவில்லை; அதைக் கீழே விடக் கூடாது என்று பிடித்ததில் தோளுக்குள் ஏதோ கிழிந்துவிட்டது. இரண்டு மாதம் கையைத் தொட்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். கட்டை அவிழ்த்த பிறகு கை மடங்கியது, டம்ளர் பிடித்தது, சட்டைப் பொத்தான் போட்டது. ஆனால் எதையும் தன்னிடமிருந்து அப்பால் தள்ள முடியவில்லை. கதவைக்கூட இடுப்பால்தான் தள்ளித் திறந்தார். தள்ளுகிற வேலை இனிமேல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நானும் அண்ணியும் அன்று கூடவே இருந்தோம். தச்சு வேலையே தள்ளுகிற வேலைதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ரம்பம் தள்ளும்போதுதான் அறுக்கும். இழைப்புளியை முன்னால் தள்ளினால்தான் மரம் சீவிச் சுருள் வரும். அவர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், சரி என்றார். அந்த அறையில் நாற்காலியை ஆட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் சரிதான். என் சமையலறைக் கதவு மழையில் ஊதிக்கொண்டு சாத்த முடியவில்லை என்றேன், சரி என்றார். வந்து பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் தொட்டில் கேட்டார்; சரி. கோயிலில் பீடத்துப் படி பெயர்ந்திருக்கிறது என்று பங்குச் சாமியார் சொல்லியனுப்பினார், சரி. ஊரில் மற்றவர்களுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. மனுஷன் இப்பத்தான் மரியாதையாப் பேசறாரு என்று டீக்கடையில் சொன்னார்களாம்.

அண்ணி என் வீட்டுப் படியில் உட்கார்ந்து சொன்னார்: “சோறு போடட்டான்னா சரி. வேணாமான்னா அதுக்கும் சரி. சண்டைக்கு இழுத்துப் பாத்துட்டேன், அதுக்கும் சரின்றாரு. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்றாரும்மா. அதான் பயமா இருக்கு.”

அண்ணி ரவிக்கை தைத்துக் குடும்பம் ஓடிற்று. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. அவருடைய பயமெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

ஜனவரிக் கடைசியில் தேங்காய்த்திட்டில் படகு பழுது பார்க்கும் ஒருவர் வந்தார். சும்மாத்தானே கிடக்கிறது, உங்கள் சாமான்களையும் இழைக்கிற பெஞ்சையும் எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். ப.வீ. சரி என்றார். பிப்ரவரி 13, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியோடு வந்து ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. பத்தாம் தேதியே உளிகளையும் ரம்பங்களையும் துடைத்து, எண்ணெய் தடவி, கோணிப்பையில் சுருட்டிக் கட்டி வைத்துவிட்டார். டைரியில் அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். நான் சிவப்பு மை உபயோகிப்பது அரிது.

அதே வாரத்தில்தான் நூலகத்தில் ஒட்டுவதற்கு ஒரு சுவரொட்டி வந்தது. ஜப்பானிய மரத்தச்சு விழா, மூன்று நாள், பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில், அனைவரும் வரலாம். பசை தடவி ஒட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது கண்ணிலேயே நின்றது. கை விளங்காத தச்சரைத் தச்சு விழாவுக்குக் கூப்பிடுவது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணியிடம்தான் கேட்டேன்.

பட்டினி கிடக்கிறவனை ஓட்டல் பக்கமாக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கே என்றார். சற்று நேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். பிறகு, போவலாம், கோவமாச்சும் வரட்டும் என்றார்.

அவரிடம் சொன்னோம். சரி என்றார்.

இப்படியாக விழாவின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை 10.25க்கு மூவரும் அந்தக் கிடங்கில் நுழைந்தோம். நடந்தே போனோம், பதினெட்டு நிமிஷம். அவர் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டிருந்தார். வெளியில் போகும்போதெல்லாம் அப்படித்தான்.

உள்ளே எலுமிச்சை இலையைக் கசக்கியது போல ஒரு வாசனை. ஜப்பானிலிருந்து அவர்கள் கொண்டுவந்த மரத்தின் வாசனை அது என்றார்கள். ஐந்தாறு தச்சர்கள். பாதிப் பேர் தரையில் உட்கார்ந்து, கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு அறுத்தார்கள். ஆணி இல்லாமல் இரண்டு உத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் காட்டினார்கள். நடுவில் நீளமான சாய்வுப் பலகை. அதன் மேல் ஒரு வெள்ளை மரம். தலையில் துண்டு கட்டிய அறுபது வயதுக்காரர் ஒருவர் இழைப்புளியை அதன் மேல் வைத்து, தன்னை நோக்கி இழுத்துக்கொண்டே பின்னால் பின்னால் நடந்தார். இழைப்புளியின் வாயிலிருந்து ஒரு சுருள் எழும்பி, ஈரமில்லாத நீராவி மாதிரிக் காற்றில் நின்றது. அதை ஒரு பெண்மணி வாங்கி விரித்துக் காட்டினார். அதன் வழியே எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்க முடிந்தது. நான் படித்துப் பார்த்தேன்.

“இன்னா இவன், நண்டு மாதிரிப் பின்னாடியே போறான்,” என்றார் ப.வீ.

எட்டு மாதத்தில் அவர் தானாகப் பேசிய முதல் வாக்கியம். அண்ணி என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருக்கும்படி தலையசைத்தேன்.

அவர் ரம்பங்களிடம் போனார். அவையும் இழுக்கும்போதுதான் அறுத்தன. உளியைத் தவிர அங்கே எதுவும் அப்பால் போகவில்லை. எல்லாம் ஆளை நோக்கியே வந்தன. அவர் நின்று நின்று பார்த்தார். ஒரே இடத்தில் இருபத்தைந்து நிமிஷம். பிறகு தலைத்துண்டுக்காரரிடம் திரும்பி வந்தார்.

சுருளை விரித்துக் காட்டிய பெண்மணி ஜப்பானியர். ஆனால் பல வருஷமாக நம் பக்கத்திலேயே இருப்பவர். மொழிபெயர்ப்புக்காக வந்திருந்தார். அவர் தமிழ் அப்படியே நம் ஊர்த் தமிழ். பார்வையாளர்களும் இழைத்துப் பார்க்கலாம் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ப.வீ.யைப் பார்த்து, அண்ணா, நீங்க தச்சு வேலை செய்றவங்களா என்று கேட்டார்.

“செஞ்சிட்டிருந்தேன்,” என்றார் அவர்.

“அப்ப வந்து இழுத்துப் பாருங்க.”

“ஆகாது.”

என் கையை அண்ணி இறுகப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு மட்டும்தான் அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று அவர் ஆயுதம் தொட மாட்டார். கல்யாணம் ஆன நாளாகத் தொட்டதில்லை. இந்த ஆகாது ஞாயிற்றுக்கிழமைக்கா, தோளுக்கா, அல்லது பழைய ஆகாதுவேதானா என்று தெரியவில்லை. அந்த அம்மா பாவம், சரிங்கண்ணா என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவர் அந்தச் சாய்வுப் பலகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கூட்டம் வழிவிட வேண்டியிருந்தது. குனிந்து, இடது புறங்கையால் மரத்தைத் தொட்டார். நடந்து வந்து எங்கள் முன்னால் நின்று, அண்ணியைப் பார்த்து, “இன்னிக்கி ஞாயித்துக்கெழமை,” என்றார்.

“கூலி இல்லாம இழைச்சா அது வேலையில்ல, வெளையாட்டு. சாமியார் கேட்டா நான் சொல்லிக்கிறேன். போ.”

அண்ணி அவரை ஒருமையில் சொல்லி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

இழைப்புளி என்பது அங்கே ஒரு கட்டை, நடுவில் பிளேடு. கைப்பிடிகூட இல்லை. அவர் அதைக் கவிழ்த்து, வாயை வெளிச்சத்தில் பார்த்தார். பிளேடு அதிகம் வெளியே நிற்கிறது என்று ஒரு விரலால் காட்டினார். தலைத்துண்டுக்காரர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சின்னச் சுத்தியலைக் கொடுத்தார். ப.வீ. கட்டையின் பின்பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினார். நம் ஊர் இழைப்புளியையும் கொட்டாப்புளியால் அங்கேதான் தட்டுவார்கள். ஜப்பானியர் சிரித்துத் தலையசைத்தார்.

அப்புறம் தவறு நடந்தது. இரண்டு கையாலும் பிடித்தவர், முப்பது வருஷப் பழக்கத்தில், முன்னால் தள்ளிவிட்டார். இழைப்புளி ஒரு விரல்கூட நகரவில்லை. அவர் முகம் சுருங்கியது. வலது கை தானாக இறங்கியது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தோடு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வந்துவிடுவார், நாளை பத்து மணிக்கு வண்டி வரும், எல்லாம் போய்விடும், இதைச் செய்தவள் நான் என்று நினைத்தேன்.

தலைத்துண்டுக்காரர் அவசரப்படாமல் ஏதோ சொன்னார். அந்த அம்மா அதைத் தமிழில் சொன்னார்: “கைய மறந்துடுங்கன்றாரு அண்ணா. கை சும்மா புடிச்சிருந்தா போதுமாம். இழுக்கிறது இடுப்பும் காலும்தானாம். நீங்க பின்னாடி நடந்தா அது கூடவே வருமாம்.”

அவர் மறுபடி பிடித்தார். முழங்கையை விலாவோடு ஒட்ட வைத்துக்கொண்டார். பின்னால் ஒரு அடி வைத்தார். நின்றுவிட்டார். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நடப்பது அவருக்கு வரவில்லை. ஒவ்வொரு அடிக்கும் திரும்பிப் பார்த்தார். இழைப்புளி துள்ளித் துள்ளி மரத்தைக் கடித்தது.

அண்ணி என் கையை விட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் நின்று, கூட்டத்தை இரண்டு கையாலும் ஒதுக்கினார். ரிவர்ஸ் எடுக்கும் பஸ்ஸுக்கு கண்டக்டர் சொல்வது போல, “வா, வா, வா. எடம் இருக்கு. வா,” என்றார்.

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அந்தக் குரலை நம்பிப் பின்னால் நடந்தார். மரத்தின் தலையிலிருந்து கால் வரை, பதினோரு அடி. சுருள் அறுபடாமல் வந்து அவர் சட்டை மேல் விழுந்தது.

“ஹோல்டான்,” என்றார் அண்ணி.

சுருளை விரித்து ஜப்பானியருடையதன் பக்கத்தில் வைத்தார்கள். இவருடையதன் வழியே எதையும் படிக்க முடியவில்லை. இது சுருள் இல்ல, அப்பளம் என்றார் ப.வீ. என்னுது கால் நூல் தேறும், அவருது நூல் கணக்குலயே வராது என்றார். அந்த அம்மா நூல் என்பதைத் தையல் நூல் என்று எடுத்துக்கொண்டு சொல்லிவிட்டார் போல. தலைத்துண்டுக்காரர் தன் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, சுருளின் மேல் வைத்து, யோசனையோடு பார்த்தார்.

இந்தத் தவறில் எனக்கு முன் அனுபவம் உண்டு. நான் குறுக்கே போய், அங்குலத்துக்கு எட்டு நூல் என்று விளக்கினேன். அதைக் கேட்டதும் ஜப்பானியர் தன்னுடைய இரும்பு மட்டத்தை எடுத்து அதிலிருந்த கோடுகளைக் காட்டினார். ப.வீ. வலது பாக்கெட்டுக்குள் கையை விட்டு மடக்கு அளவுகோலை எடுத்தார். எட்டு மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தார். அவர்கள் கோடும் நம் நூலும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன.

ப.வீ. குனிந்து எண்ணினார். “பத்துக்கு அரை நூல் கொறையுது,” என்றார். “பரவால்ல.”

வெளியே வந்த பிறகுதான் அண்ணி கேட்டார், வலிக்குதா என்று. அதுதான் கேள்வி என்று மூவருக்கும் தெரியும். டாக்டர் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு பயிற்சியும் செய்த அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில்தான் தோள் வீங்கிக் கையைத் தூக்க முடியாமல் போகும். அவர் தோளை ஒரு தரம் உருட்டினார்.

“இப்பத் தெரியாது. காலையிலதான் தெரியும்.”

வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். ஓரிடத்தில் நடைபாதை காலியாக இருந்தது. அவர் திரும்பி நின்று நான்கு அடி பின்னால் நடந்தார். அண்ணி, விழுந்து வைக்காதீங்க, ஆஸ்பத்திரி மூடியிருக்கும் என்றார். படகுக்காரருக்கு போன் செய்து நாளை வர வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று நான் கேட்டேன். ஆகாது என்றார் அவர். காலையில் தெரியும் என்பதை மாற்றிக்கொள்ள அவர் தயாராக இல்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அன்று இரவு படுத்தது 9.40. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

பிப்ரவரி 13, திங்கள். 5.50க்கு அண்ணி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, கொஞ்சம் வாம்மா, ஒரு கை பிடிக்கணும் என்றார். கோலமாவுக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனேன்.

அவர் முன்னறையில் நின்றிருந்தார். தோள் எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

“அந்தத் தோள் பக்கமே படுத்துத் தூங்கிட்டேன், நூலம்மா.”

பெஞ்சைத் திருப்ப வேண்டும் என்றார். சுவரை ஒட்டிய கோடியில் முட்டுக்கட்டை இருக்கிறது. தள்ளி இழைக்கும்போது மரம் அதில் போய் முட்டி நிற்கும். இழுப்பதென்றால் அது வாசல் பக்கம் இருக்க வேண்டும். மூவரும் பிடித்தோம். அவர் தூக்கவில்லை, கயிறு போட்டு இழுத்தார். நாங்கள் இருவரும் மறுகோடியில் தள்ளினோம். பெஞ்சு நகர்ந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் நான்கு காலுக்கும் நான்கு வெள்ளைச் சதுரங்கள் தெரிந்தன. திருப்பி நிறுத்தி முடிக்கையில் மணி 6.20.

கோணிப்பையின் கட்டை அண்ணி அவிழ்த்தார். அவர் தன்னுடைய பழைய இழைப்புளியை எடுத்து, முன்பக்கம் பின்னாகத் திருப்பிப் பிடித்து, ஒரு பலகை மேல் வைத்துப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். அறை சிறியது. பலகை முடியும்போது அவர் வாசற்படி தாண்டித் தெருவுக்கு வந்துவிட வேண்டியிருந்தது. அண்ணி முன்னதாகவே இறங்கிப் போய், தெரு நடுவில் நின்று, பால்காரர் சைக்கிளைக் கை காட்டி நிறுத்தினார்.